கீழாநெல்லிக்குப் போன புகழ்

எங்கள் மாமாவுக்கு இருபத்தேழு வயதில் கண் மஞ்சளானது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்போது பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். சோற்றைக் கண்டாலே குமட்டியது, சிறுநீர் கடுந்தேயிலை நிறத்தில் போனது, விடிவதற்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்கத் தெம்பில்லை. பாட்டி லயத்துக்குப் பின்னால் முளைத்துக் கிடந்த கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தாள். உப்பில்லாப் பத்தியம், எண்ணெயும் மீனும் கிடையாது. ஆறே வாரத்தில் மாமா நிரைக்குத் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் கீழாநெல்லியைக் குறைத்துப் பேச யாருக்கும் அனுமதியில்லை.

எதிர் லயத்து அண்ணனின் கதை வேறு. அவருக்குக் கண் ஒருநாளும் மஞ்சளானதில்லை. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததாகக்கூட யாருக்கும் நினைவில்லை. நாற்பத்தெட்டு வயதில் வயிறு வீங்கியது. மருத்துவமனையில் பார்த்தபோது கல்லீரலில் புற்றுநோய். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி பல பத்தாண்டுகளாகக் குடியிருந்திருக்கிறது என்றார்கள். பல ஆண்டுகள் கழித்து மாமாவும் ஏதோ பரிசோதனைக்குப் போனபோது, அவருக்கு வந்ததும் அதே கிருமிதான், வந்து போன தடம் ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

கிருமி ஒன்றுதான். மஞ்சள் பூத்துப் படுத்தவர் பிழைத்தார். ஒன்றுமே தெரியாமல் இருந்தவர் போய்விட்டார். தோட்டப்புறத்தில் நாம் காமாலையைக் கண்டு பயந்த அளவுக்கு, அது வராமல் இருப்பதைக் கண்டு ஒருநாளும் பயந்ததில்லை.

ஹெபடைடிஸ் பி கிருமி கல்லீரல் அணுவுக்குள், அதாவது செல்லுக்குள், குடியேறுமே தவிர, பொதுவாகத் தானாக அதைக் கொல்வதில்லை. பின்கட்டில் சத்தமில்லாமல் தங்கி, வீட்டுக்காரரின் அடுப்பிலேயே சமைத்துச் சாப்பிடும் ஆள் மாதிரி அது. கண்ணை மஞ்சளாக்குவது பெரும்பாலும் அந்த ஆளைத் துரத்த வரும் நம் சொந்தப் படை. கிருமி புகுந்த அணுக்களை அந்தப் படை தாக்கும்போது கல்லீரலின் அன்றாட வேலை குலைகிறது. பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கழிந்து போகாமல் ரத்தத்தில் தேங்குகிறது. வளர்ந்தவர்களில் பலருக்கு இந்தச் சண்டை மஞ்சள் தெரியாத அளவிலேயே முடிந்துவிடும். நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு அது கைமீறி, கல்லீரலே செயலிழக்கும். அதனால் மஞ்சள் கண்டால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆனாலும் கணக்கு இதுதான்: வளர்ந்த பிறகு தொற்றினால் நூற்றுக்குச் சுமார் 95 பேர் தாமாகவே கிருமியை அடக்கிவிடுகிறார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் நூற்றுக்குச் சுமார் 90 குழந்தைகளிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

அந்தப் படையின் முன்வரிசையில் நிற்பவைதான் இயற்கைக் கொல்லி அணுக்கள்.

1970களின் முற்பகுதியில் புற்றுநோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. புற்றணுவை முன்பின் பார்த்தே இராத எலியிலிருந்து எடுத்த வெள்ளை அணுக்களும் சோதனைக் குழாயில் அதைக் கொன்றுகொண்டிருந்தன. முதலில் பலர் இதைச் சோதனையின் பிழை என்று ஒதுக்கினார்கள். பழக்கப்படுத்தாமல் கொல்லும் அணு இருக்க முடியாது என்பதுதான் அன்றைய பாடம். 1975இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தில் ரோல்ஃப் கீஸ்லிங்கும் அவருடன் இருந்தவர்களும், அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மனின் குழுவும் தனித்தனியாக அந்தப் பிழைக்கே ஒரு பெயரைக் கொடுத்து, அதுவும் ஒரு வகை அணுதான் என்று காட்டினார்கள்.

நோய் எதிர்ப்பின் மற்றொரு பெரும்படையான டி அணுக்கள் வேலை செய்யும் விதம் வேறு. ஒவ்வொரு டி அணுவும் ஒரே ஒரு முகத்தைத்தான் அறியும். கையில் ஒரே ஒரு ஆளின் படத்தை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடும் துப்பறிவாளரைப் போல. ஆள் கிடைத்தால் குறி தப்பாது. ஆனால் சரியான படம் வைத்திருக்கும் அணு தெரிந்தெடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்காகப் பெருகிக் களத்துக்கு வர நாட்கள் ஆகும். இயற்கைக் கொல்லி அணுவிடம் யார் படமும் இல்லை. அது தோட்டத்து வாசலில் நிற்கும் காவலாளியான ஜாகாவைப் போல. வருகிறவரின் பெயர் அதற்கு வேண்டியதில்லை, அடையாள அட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்.

அந்த அட்டை உண்மையிலேயே இருக்கிறது. நம் உடலின் ஏறத்தாழ எல்லா அணுக்களும் எச்எல்ஏ என்ற புரதத்தை மேற்பரப்பில் காட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே என்ன தயாராகிறது என்பதன் துணுக்குகளையும் அதன் மேல் வைத்துக் காட்டுகின்றன. டி அணு அந்தத் துணுக்கைப் படித்துத்தான் கிருமியைக் கண்டுபிடிக்கிறது. ஆகவே சில கிருமிகள் தந்திரம் செய்கின்றன: அட்டையையே மறைத்துவிட்டால் டி அணுவால் எதைப் படிக்க முடியும்? அங்கேதான் ஜாகா எழுந்து வருகிறான். அட்டை இல்லாத அணுவை இயற்கைக் கொல்லி அணு தாக்குகிறது. சுவீடனின் கிளாஸ் கேர்ரே 1980களில் முன்வைத்த இந்தக் கருத்து, இல்லாமையைக் கண்டுபிடிக்கும் காவல் என்ற வகையில் அன்று புதுமையாக இருந்தது. அதற்கு முன் எல்லாரும் அந்நியப் பொருளைத் தேடும் அணுக்களைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த உவமையை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இந்த மண்ணிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் பதியாமல் விட்டதால் அடையாள அட்டை இல்லாமல் அலைந்தவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. அட்டை இல்லாதவன் எல்லாம் குற்றவாளி என்பது மனிதருக்குப் பொருந்தாத நியதி. அணுக்களின் உலகிலும் அது முழு நியதி இல்லை. தவிப்பிலோ தொற்றிலோ இருக்கும் அணு சில அபாயக் கொடிகளை வெளியே நீட்டும். இயற்கைக் கொல்லி அணு அந்தக் கொடிகளையும் பார்க்கிறது, அட்டையையும் பார்க்கிறது. முடுக்கும் குறிகளும் தடுக்கும் குறிகளும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்துத்தான் கை ஓங்குகிறது.

கல்லீரலில் இந்தத் தராசு இன்னும் சிக்கலானது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு குடலிலிருந்து நேராக வருகிறது. காலையில் சாப்பிட்ட தோசையின் புரதமும், குடல் நுண்ணுயிர்களின் உடைசல்களும் அதிலே மிதந்து வரும். இவை எல்லாமே ஒருவகையில் அந்நியப் பொருள்கள்தாம். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டால் கல்லீரல் ஒரு வாரம்கூடத் தாங்காது. எனவே அது இயல்பிலேயே பொறுத்துப்போகும் உறுப்பு. அங்குள்ள அணுக்கள் அமைதிப்படுத்தும் ரசாயனங்களைத் தொடர்ந்து சுரக்கின்றன. கல்லீரல் அணுக்களோ அடையாள அட்டையைக் கொஞ்சமாகத்தான் காட்டும். அப்படியிருந்தும் ஜாகா அவற்றை அடிப்பதில்லை, அந்த இடத்தின் பழக்கம் அவனுக்குத் தெரியும்.

பொறுமைசாலியான இந்த உறுப்பில்தான் இயற்கைக் கொல்லி அணுக்கள் கூட்டமாக இருக்கின்றன. ரத்தத்தில் ஓடும் லிம்ஃபோசைட் வெள்ளை அணுக்களில் இவை 5 முதல் 15 விழுக்காடு. மனிதக் கல்லீரலில் இருக்கும் லிம்ஃபோசைட்டுகளில் 30 முதல் 50 விழுக்காடு வரை. 1976இல் எட்டி விஸ்ஸே என்ற ஆய்வாளர் எலியின் கல்லீரலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ரத்தம் ஓடும் நுண்ணிய வழிகளின் சுவரோரம், பழத்துக்குள் விதைகள் இருப்பதுபோல் உள்ளே கருமணிகள் கொண்ட அணுக்களைக் கண்டார். அவை கல்லீரலுக்கே உரிய இயற்கைக் கொல்லி அணுக்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. அந்தக் கருமணிகள்தாம் ஆயுதக் கிடங்கு.

ஆயுதங்கள் பலவகை. மணிக்குள் இருக்கும் பெர்ஃபோரின் எதிரணுவின் சுவரில் ஓட்டை போடும். அந்த ஓட்டை வழியாகக் கிரான்சைம் உள்ளே போய் அணுவைத் தற்கொலைக்குத் தள்ளும். டிரெயில் என்ற புரதம் வெளியிலிருந்தே தட்டி, சாகும் நேரம் வந்துவிட்டது என்று சொல்லும். இவற்றையெல்லாம்விடக் கல்லீரல் விஷயத்தில் எனக்கு வியப்பாகத் தோன்றுவது கொல்லாத ஆயுதம். இன்டர்ஃபெரான் காமா என்ற ரசாயனத்தைச் சுரந்து, தொற்றிய அணுவை உயிரோடு வைத்துக்கொண்டே உள்ளே கிருமி பெருகுவதை நிறுத்தும் வழி அது.

பால் மரம் வெட்டியவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். கத்தி பட்டைக்குள் சரியான ஆழத்துக்குப் போக வேண்டும். மேலோடு சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழம் கூடினால் உள்ளே மரத்தில் காயம் பட்டு, அந்த இடத்தில் புடைப்பு விழுந்து, மறுபடி அங்கே வெட்டவே முடியாது. காயம் போட்டால் அப்போதெல்லாம் வேலையை மேற்பார்க்கும் தோட்டக் கண்டக்டரிடம் ஏச்சு வாங்க வேண்டும். தொற்று தீவிரமாக இருக்கும்போது கல்லீரல் அணுக்களில் மிகப் பெரும் பங்குக்குள் கிருமி இருக்கக்கூடும். அத்தனையையும் கொன்றுதான் கிருமியை ஒழிக்க வேண்டும் என்றால் ஆளே மிஞ்சமாட்டார். 1999இல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிலையத்தில் குய்டோட்டி, சிசாரி குழுவினர் ஹெபடைடிஸ் பி தொற்றிய சிம்பன்சிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். டி அணுக்கள் கூட்டமாக வந்து சேர்வதற்கும், கல்லீரல் சேதம் உச்சத்துக்குப் போவதற்கும் வெகு முன்பே கிருமியின் டிஎன்ஏயில் பெரும்பகுதி மறைந்துபோயிருந்தது. கொல்லாமலே யாரோ அடக்கியிருக்கிறார்கள். முதலில் வந்து சேரும் அணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் போன்ற பொருள்களே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொண்ட முடிவு. அந்த முதல் வரிசையில் இயற்கைக் கொல்லி அணுக்களுக்கு இடமுண்டு.

மனிதரில் இதைப் பார்ப்பது கடினம். ஹெபடைடிஸ் பி தொற்றி, அறிகுறி தெரிய ஒன்று முதல் ஆறு மாதம் வரை ஆகும். நோய் தெரிவதற்கு முன்னால் யார் வந்து ரத்தம் கொடுப்பார்கள்? ஆகவே மிகச் சிலரை வைத்தே ஆய்வாளர்கள் பேச வேண்டியிருக்கிறது. 2009இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு, இயற்கைக் கொல்லி அணுக்கள் ஆரம்பத்திலேயே விழித்துக்கொள்கின்றன என்றது. அதே ஆண்டு லண்டனிலிருந்து வந்த ஆய்வு, கிருமி உச்சத்தில் இருக்கும்போது அவை அடங்கிக் கிடக்கின்றன, பிறகுதான் எழுகின்றன என்றது. நான் படித்தவரையில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துப்போடுவதாகத் தோன்றவில்லை. இந்தக் கிருமி பூனைநடை போடுவது. உள்ளே நுழைந்து பல வாரம்வரை பெரிய அபாயமணி எதையும் அடிக்கவிடாது. காவலாளி எந்த நாளில் விழித்தான் என்பதைவிட, விழித்த பின் என்ன செய்தான் என்பதுதான் ஒருவரின் விதியைத் தீர்மானிக்கிறது.

கிருமி நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களிடம் இந்த அணுக்களின் குணமே திரிந்துபோகிறது. கொல்லும் கை அப்படியே இருக்கிறது. கொல்லாமல் அடக்கும் கை, அதாவது இன்டர்ஃபெரான் காமா சுரக்கும் திறன், தளர்ந்துபோகிறது. பட்டையின் ஆழம் தெரியாமல் ஓங்கி வெட்டும் புது ஆள் மாதிரி. 2007இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டியதுபோல், நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு அவ்வப்போது வரும் கல்லீரல் எரிச்சலில், டிரெயில் ஏந்திய இயற்கைக் கொல்லி அணுக்கள் கல்லீரல் அணுக்களைச் சாகடிப்பதில் பங்கேற்கின்றன. கிருமி ஒழிவதில்லை, கல்லீரல்தான் அடி வாங்குகிறது. 2013இல் இன்னொன்றும் தெரியவந்தது: கிருமியைக் குறிவைத்து வரும் டி அணுக்களையே இவை கொல்கின்றனவாம். காவலாளியே துப்பறிவாளரைச் சுட்டுவிடுவது. நாட்பட்ட தொற்றில் டி அணுப்படை மெலிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர் லயத்து அண்ணனின் கதை பெரும்பாலும் அவர் பிறந்த நாளிலேயே தொடங்கியிருக்கும். பச்சைக் குழந்தையின் எதிர்ப்புப் படை சண்டையைவிடப் பொறுமையைக் கற்றுக்கொண்டிருக்கும் பருவம் அது. அப்போது நுழைந்த கிருமியை அது வீட்டு ஆளாகவே ஏற்றுக்கொள்கிறது. சண்டை இல்லை, மஞ்சள் இல்லை, காய்ச்சல் இல்லை. நாற்பது ஆண்டுகளில் அமைதியாகத் தழும்பும் அதன் மேல் கட்டியும் வளர்கின்றன. மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1989இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள், அதாவது இன்று தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தலைமை ஏற்று நிற்கும் தலைமுறை, அந்த ஊசி இல்லாமல் வளர்ந்தவர்கள். அண்ணன் அவர்களில் ஒருவர். அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் ஊசி கிடைத்தது.

கல்லீரலைத் தாக்கும் இன்னொரு கிருமியான ஹெபடைடிஸ் சியின் கதையில் பரம்பரைக்கும் இடமுண்டு. 1989இல் அடையாளம் காணப்பட்ட இந்தக் கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் சிகிச்சையின்றியே அதிலிருந்து விடுபடுகிறார்கள். யார் அவர்கள்? இயற்கைக் கொல்லி அணுவில் தடுப்பு விசைபோல் வேலை செய்யும் ஒரு புரதக் குடும்பம் இருக்கிறது. அதில் ஒன்றும், அது பிடித்துக்கொள்ளும் எச்எல்ஏ வகையும் சேரும்போது தடுப்பு இலேசாகத்தான் விழும். அந்தச் சேர்க்கையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் கிருமியை விரட்டும் வாய்ப்பு அதிகம் என்று 2004இல் வந்த ஆய்வு காட்டியது. பிரேக் கொஞ்சம் தளர்ந்த வண்டி சீக்கிரம் புறப்படும் கணக்கு. ஆனால் உடலுக்குள் நுழைந்த கிருமியின் அளவு குறைவாக இருந்தவர்களிடம்தான் இந்தப் பலன் தெரிந்தது. ரத்தம் ஏற்றிக்கொண்டதால் பெரும் அளவில் தொற்றியவர்களுக்கு அது உதவவில்லை. சி வகைக்கு இன்று மாத்திரையே இருக்கிறது, பெரும்பாலும் 12 வாரத்தில் குணமாகிவிடும். விலை எட்டாத உயரத்தில் இருந்தபோது, 2017இல் மலேசிய அரசாங்கம் காப்புரிமைச் சட்டம் தனக்குத் தரும் உரிமையைப் பயன்படுத்தி, சொஃபோஸ்புவிர் என்ற அந்த மாத்திரையை மலிவாகப் பெற வழி செய்தது. அதனுடன் சேர்த்துத் தரும் ராவிடாஸ்விருக்கு 2021இல் இங்கே ஒப்புதல் கிடைத்தது.

பி வகை அப்படிப்பட்டதல்ல. அது கல்லீரல் அணுவின் கருவுக்குள் சிறு வளையமாகத் தன் மூலப்படியை ஒளித்து வைத்துவிடும். மாத்திரை கிருமியைக் கட்டிப்போடுமே ஒழிய, அந்த வளையத்தைத் தொடாது. பிழைத்த மாமாவின் கல்லீரலில்கூட அதன் மிச்சம் எங்காவது இருக்கும். சாதாரணமாக எதிர்ப்புப் படை அதைத் தலைதூக்க விடாது. ஆனால் புற்றுநோய்க்கோ மூட்டுவாதத்துக்கோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சில மருந்துகளை அவருக்குக் கொடுக்க நேர்ந்தால், முன்கூட்டியே மருத்துவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் உறங்கும் கிருமி எழுந்துவிடலாம்.

இன்னொரு வேலையையும் இந்த அணுக்கள் செய்கின்றன, அதைப் பலர் அறிவதில்லை. கல்லீரல் அடிபடும்போது நட்சத்திர வடிவ அணுக்கள் சில விழித்துக்கொண்டு தழும்பு நார்களை நெய்கின்றன. நெசவு நிற்காமல் போனால் கல்லீரல் கல்லாகும். இயற்கைக் கொல்லி அணுக்கள் அப்படி விழித்த நெசவாளிகளைத் தேடிப் பிடித்துக் கொல்கின்றன என்று 2006இல் எலிகளில் கண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே ஆய்வாளர்கள், எலிகளுக்குத் தொடர்ந்து சாராயம் கொடுத்தால் இந்தக் காவல் மங்கிவிடுகிறது என்றும் கண்டார்கள். தோட்டப்புறத்தில் சம்சு எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்ற கணக்கை நாம் சம்பளப் பணத்திலும் அடிதடியிலும் மட்டுமே போட்டு வந்திருக்கிறோம். கிருமி ஏற்கெனவே குடியிருக்கும் கல்லீரலில் சம்சு விழுந்தால், தழும்பு நெய்பவருக்குக் கூலி கூட்டிக் கொடுத்து, தடுப்பவரைத் தூங்கவைத்த மாதிரி.

கீழாநெல்லிக்கு வருவோம். பாட்டியை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை, விஞ்ஞானமும் செய்யவில்லை. ஹெபடைடிஸ் பி கிருமியின் தடயத்தை முதலில் கண்டு, 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க், சென்னையின் எஸ். பி. தியாகராஜனோடு சேர்ந்து இந்தப் பச்சிலையை ஆராய்ந்தார். 1988இல் வெளியான சோதனையில், கிருமி நிரந்தரமாகத் தங்கியிருந்தவர்களில் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமிப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. அதனால் இன்று கல்லீரல் மருத்துவர்கள் அதை மருந்தாக எழுதுவதில்லை. வளர்ந்தவரின் புதுத் தொற்றைப் பற்றிச் சொன்னால், நூற்றுக்கு 95 பேர் தாமாகவே தேறும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

இதையெல்லாம் போன மாதம் சுங்கை சிப்புட்டில் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவருக்கு விளக்கினேன். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, அவர் பட்டணத்துக்கு வந்து நீண்ட காலமாகிவிட்டது. பொறுமையாகக் கேட்டார். ஜாகா, அடையாள அட்டை, வெட்டும் ஆழம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“அப்படியானால் மாப்பிள்ளை, என்னைக் காப்பாற்றியது எனக்குள்ளேயே இருந்த ஆட்கள்தானா?”

“ஆமாம் மாமா.”

“அம்மா கொடுத்தது?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, மோர் நல்லதுதான் மாமா என்றேன். அவர் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு பழைய பெயின்ட் வாளியில் கீழாநெல்லி வளர்த்து வைத்திருக்கிறார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.